ரீல் சீட்டை இன்னும் ஒட்டவில்லை

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாறை மீன் இழுத்த இழுப்பில் உன் தூண்டில் ராடின் ரீல் கையோடு சுற்றிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். மீன் மேல் பழி போடாதே. ரீலை மாட்டும் குழல்தானே சீட், கழன்று வந்த அந்தச் சீட்டுக்குள்ளே பழுப்பாக, ஊறிய அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் குற்றவாளி. வெறும் மாஸ்கிங் டேப். பிளாங்க், அதாவது ராடின் வெறும் தண்டு, ஒல்லி; சீட்டின் துளை பெரிசு. நடுவில் இருந்த இடைவெளியை நிரப்ப, காகித டேப்பை மூன்று இடத்தில் வளையமாகச் சுற்றி, மேலே பசையைத் தடவிச் செருகிவிட்டார்கள். உப்புத்தண்ணீர் ஒரு ஓரமாய் உள்ளே போனால் போதும், காகிதம் ஊறிப்போகும். அப்புறம் சீட் சுழலாமல் என்ன செய்யும்? இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது.

சரி, புது ராடுக்கு வருகிறேன். ஒன்பது அடி, இரண்டு துண்டு. பிளாங்க் வந்து பத்து நாளாகிறது. கார்பன் கைப்பிடிதான் வேண்டும் என்று உன் மகன் போனில் ஒற்றைக்காலில் நின்றான். செய்துவிட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், இது மூன்றாவது கைப்பிடி. முதல் இரண்டும் மொட்டை மாடியில் துளசித் தொட்டி பக்கத்தில் கிடக்கின்றன.

கார்பன் கைப்பிடி என்றதும் முழுக்கக் கார்பன் என்று நினைத்துவிடாதே. உள்ளே இருப்பது கெட்டியான பாலியூரித்தேன் நுரை, தெர்மாக்கோலுக்கு அண்ணன் மாதிரி. அதைக் கைக்குத் தோதாகச் செதுக்கி, மேலே கார்பன் இழையில் பின்னிய உறையை மாட்ட வேண்டும். அந்த உறை ஒரு வேடிக்கை. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் ஒல்லியாகும், உள்ளே தள்ளினால் பருக்கும். நுரையின் வளைவுக்கெல்லாம் தானே பொருந்திக்கொள்ளும். அதன் மேல் எபாக்ஸி என்கிற இரண்டு புட்டிப் பசையைக் கலந்து ஊற்றி ஊறவைத்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கடைசியில் கறுப்புப் பாய் மாதிரி பின்னல் தெரியும். கனம் ஒன்றுமே இல்லை. தோல் மட்டும்தான் பலம், அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

தேய்க்கிற தூள்தான் எமன். மூச்சோடு உள்ளே போகக் கூடாது, தோலில் பட்டால் ராத்திரி முழுக்க ஊறல். பீன்யா பட்டறையில் முப்பது வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் மாஸ்க் போட்டு, தண்ணீர் விட்டு ஈரமாகத்தான் தேய்த்தேன். அப்படியும் உன் தங்கச்சி என்னை வீட்டுக்குள் விடவில்லை. துணி மாற்றிக் குளித்த பிறகுதான் காபி.

இதுவரை சுலபம். ரீல் சீட்டைப் பொருத்தும் இடத்தில்தான் முதல் கைப்பிடி போனது. சீட்டின் பின்முனை கைப்பிடியின் வாய்க்குள் ஆறு மில்லிமீட்டர் இறங்கி உட்கார வேண்டும். அப்போதுதான் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் உறுத்தாது. சீட் முனையை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், 24.7 மில்லிமீட்டர். வாயையும் சரியாக 24.7 எடுத்தேன். ஈவா என்கிற மெத்தென்ற நுரைக் கைப்பிடியில் அப்படித்தானே செய்வோம்? அதில் இன்னும் கொஞ்சம் சின்னதாகவே எடுத்து, அழுத்தி ஏற்றிவிடுவோம். ஈவா ரப்பர் மாதிரி விரிந்து கொடுத்து, பிறகு கவ்விக்கொள்ளும். அதே கைப்பழக்கத்தில் இதையும் பசை தடவி, மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்றாவது தட்டில் ‘பட்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்போமே, அவ்வளவுதான். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் வாயிலிருந்து பின்னல் போன வழியே குறுக்காக ஒரு மயிரிழை விரிசல், இரண்டு அங்குலத்துக்கு.

பிய்த்து உள்ளே பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. சீட் இறங்கிய ஆறு மில்லிமீட்டரில் பசையே இல்லை. அத்தனையும் விளிம்பில் வழித்துக்கொண்டு வெளியே நின்றது. இறுக்கமாக இருந்தால் பலமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம், எபாக்ஸிக்கு அது பொருந்தாது. அதற்கு உட்கார இடம் வேண்டும். அந்தக் காலத்து ஆசாரிகள் ‘ஒரு நூல் தள்ளி வை’ என்பார்களே, அந்த நூலில் இருபதில் ஒரு பங்கு, ஒவ்வொரு பக்கமும். வாய் 25 என்றால் சுற்றிலும் 0.15 கிடைக்கும். ஆட்டிப் பார்த்தால் லேசாக ஆடும். பசையில்லாமல் ஆடுகிறதே என்று பயப்படக் கூடாது.

இரண்டாவது கைப்பிடியில் வாயைச் சரியாக எடுத்தேன். சீட்டைவிடச் சற்று ஒல்லியான குழாய்த் துண்டில் எண்பதாம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, கையாலேயே திருகித் திருகி எடுத்தது. ஆனால் அந்த இடத்தில் கைப்பிடியின் வெளி அளவு 28. நடுவில் வாய்க்கு 25 போனால் மீதிச் சுவர் ஒன்றரை. அதில் பாதி நுரை. விரலால் அமுக்கினால் தோல் உள்ளே போய் வருகிறது! அதையும் தூக்கி வைத்தேன். மூன்றாவதில் புத்தி வந்து, வாயோரத்து நுரையை முதலிலேயே தோல்வரை சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்ஸியில் மைக்ரோபலூன் என்கிற நுண்குமிழித் தூளைத் தோசை மாவு பதத்துக்குக் கலந்து அங்கே நிரப்பினேன். ஒரு நாள் காயவிட்டு, அந்தக் கெட்டி வளையத்துக்குள் வாய் எடுத்தேன். இப்போது தட்டினால் கல் மாதிரி சத்தம் வருகிறது.

உன் பழைய ராடில் டேப் இருந்த இடத்துக்கு என்ன என்று கேட்பாய். சீட் உட்காரும் இடத்தில் பிளாங்க் 15.6. சீட் இருபதாம் நம்பர். நம்பர்தான் ஏறக்குறைய உள்விட்டம், இருந்தாலும் நம்பாமல் அளந்தேன். சுற்றிலும் 2.2 மில்லிமீட்டர் காலி. அதற்கு நுரையிலேயே ஆர்பர் என்று குழல் கிடைக்கிறது. காகிதம் மாதிரி ஊறாது. பிளாங்க் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால் ஆர்பரின் துளையையும் அதே சரிவில் அரைக்க வேண்டும். நேர் துளையாக விட்டால் அடிப்பக்கம் மட்டும்தான் பிடிக்கும். பிறகு எல்லாவற்றின் உள்பக்கமும் உப்புத்தாளால் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்து, கை படாமல் வைத்திருக்கிறேன். வழவழப்பில் எபாக்ஸி பிடிக்காது. விரல் எண்ணெய் பட்டாலும் அப்படித்தான்.

ஐந்து நிமிஷப் பசை போதுமே என்று போனில் சொன்னாய். வேண்டாம். அது சிலிண்டர் ஸ்டிக்கர் ஒட்ட லாயக்கு. தண்ணீரில் நாளடைவில் தளரும், நேர்கோட்டைச் சரிபார்க்க நேரமும் தராது. ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் பசைதான். அதையும் கப்பில் அப்படியே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கெட்டியாகிவிடும். கலந்ததும் தட்டில் பரப்பிவிட வேண்டும். இங்கே குளிர் காலை என்பதால் இரண்டு புட்டியையும் வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் தேன் பதம் வருகிறது. உன் ஊரில் அந்தக் கஷ்டமே இல்லை, வெயிலே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. உன் மகன் காட்டிய அந்த நீல அலுமினியச் சீட்டை நான் வாங்கவில்லை. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார்பனும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் வெள்ளைத் தூளாக உதிரும். விமானத்தில்கூட அந்த இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழையை ஒரு படலமாகக் கொடுத்துத்தான் சேர்ப்போம். தேஜஸ் போர் விமானத்தின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் இந்தக் கூட்டிழை ஜாதிதான், அங்கே பார்க்காத ஜாக்கிரதையா? நான் வாங்கியது கிராஃபைட் கலந்த நைலான் சீட், ரீல் காலைக் கவ்வும் ஹூட் ஸ்டெயின்லெஸ். கறுப்பாக, சாதுவாக இருக்கும். இடையில் வரும் அலங்கார வளையமும் அலுமினியம் இல்லை.

வளையம் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் என் அக்கா மகனுக்கு ஒன்று கட்டினேன். பின் கைப்பிடி, சீட், முன் கைப்பிடி, எல்லாம் நுனிப்பக்கமாக ஒவ்வொன்றாக இறக்கி, பசையைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபோது பேத்தி மேஜையிலிருந்து எதையோ எடுத்து விரலில் மோதிரமாகப் போட்டுக்கொண்டு வந்து ‘தாத்தா, இது எனக்கா?’ என்றாள். சீட்டுக்கும் முன் கைப்பிடிக்கும் நடுவே போக வேண்டிய வளையம்! பசை இறுகாததால் தப்பித்தேன். கைப்பிடியை உருவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. அன்றிலிருந்து எல்லாவற்றையும் நூலில் கோர்த்து வரிசையாகத் தொங்கவிட்ட பிறகுதான் பசை டப்பாவைத் திறப்பது.

கார்பன் கைப்பிடியைப் பற்றி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மீன் இரையைத் தொட்டுப் பார்ப்பதுகூட விரலுக்கு வந்து சேரும், ஈவா அதையெல்லாம் விழுங்கிவிடும். ஆனால் பளபளப்பாக விட்டால் மீன் வழுவழுப்புப் பட்ட கையில் நிற்காது. அதனால் கடைசிப் பூச்சை மங்கலாகத் தேய்த்திருக்கிறேன். உன் மகன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். கறுப்பு என்பதால் தூத்துக்குடி வெயிலில் பாலத்தின் மேல் சாய்த்து வைத்தால் சூடேறும், ஈரத்துணி போட்டு வை. கரன்ட் கம்பிக்குக் கீழே மட்டும் தூக்கிப் பிடிக்காதே, மாப்ளே. கார்பனில் மின்சாரம் பாயும். இடி மின்னல் என்றால் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. முன் கைப்பிடிக்கு ஈவாவே வைத்துவிட்டேன், இடது கை ஓய்வெடுக்க அதுதான் சுகம்.

நீ எங்கே போய் மீன் பிடிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். எங்கேயும் இல்லை. காவிரியில் கலிபோரே பக்கம் மகசீர் மீனுக்கு ஆள்கள் போன காலமெல்லாம் முடிந்தது, சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது. கூன் முதுகு மகசீரை அழியும் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்த பிறகு, எனக்கும் அந்தப் பக்கம் ஆசை விட்டுப்போனது. அல்சூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, கடல் உள்ளவர்களுக்கு ராடு கட்டிக்கொண்டிருக்கிறேன். முட்டி பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

இப்போது நீ ஒரு வேலை செய்ய வேண்டும். பின் கைப்பிடியை வேண்டும் என்றே நீளமாக விட்டிருக்கிறேன். டேப்பைச் சுற்றி மெல்லிய ரம்பத்தால் வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. பழைய ராடையோ துடைப்பக் குச்சியையோ எடுத்து, அடிமுனையைக் கக்கத்தில் இடுக்கி, வீசுகிற மாதிரியே வலது கையை நீட்டிப் பிடி. நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில்தான் ரீலின் கால் வரும். அங்கே உன் மகனை ஒரு கோடு போடச் சொல்லி, அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல். நீயே அளக்காதே, குனிந்து பார்க்கும்போது கை மடங்கிவிடும். கூடவே ரீல் காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து படம் அனுப்பு. சில ரீல்களுக்குக் கால் தடிமன், ஹூட்டுக்குள் போகாமல் அடம் பிடிக்கும்.

அது வந்த அன்று ராத்திரி பசை கலக்கிறேன். ரீலுக்குப் பதில் மரக்கட்டை ஒன்றை மாட்டி, நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து நேர் வைத்து, மறுநாள்வரை தொடாமல் விட வேண்டும். அதன் பிறகு தூண்டில் நூல் ஓடும் வளையங்களைக் கட்டுவதற்கு ஒரு வாரம். பி.வி.சி. குழாயில் போட்டு மூடி, மைசூரு – தூத்துக்குடி வண்டியில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். ஆள் கிடைக்காவிட்டால் நானே ஏறிவிடுவேன்.

அளவை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்