2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு என் அறிக்கை நீளம் என்று சொன்னார்கள். இந்த முறை வழக்கமான விஷயங்களைச் சீக்கிரமாகவே முடித்துவிடுகிறேன்.

பொங்கல் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒன்பது பேர் சேர்ந்து போய் வந்தோம். சிங்கப்பூரின் 60ஆம் பிறந்தநாளுக்குப் பாயசம் வழங்கினோம். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஞாயிறு காலை நடை தொடர்கிறது. நடப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், நடை முடிந்து பரோட்டாக் கடையில் சேர்ந்துகொள்பவர்கள் குறையவில்லை. செயலவை எட்டு முறை கூட்டப்பட்டது. மூன்று முறை கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது.

சரி, பிலிப் நோயல்-பேக்கர் என்ற பிரிட்டிஷ் ஓட்டக்காரரைப் பற்றிச் செப்டம்பரில் நடந்த படப் பலகைக் காட்சிக்கும் சொற்பொழிவுக்கும் வருகிறேன். அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த குறைகளுக்கு நான் அப்போது பதில் எழுதவில்லை. பொதுக்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

‘நம் சங்கத்துக்கும் ஒரு வெள்ளைக்காரருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டார்கள். இளையர்கள் வருவதில்லை, விளையாட்டை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று போன பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டதே நாம்தான். யார் யார் கை தூக்கினார்கள் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. நம் சிங்கப்பூர் ஓட்டக்காரர் குணாலனைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை செய்தாகிவிட்டது. அவர் 1968இல் மெக்சிகோவில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியதையும், அந்தத் தேசியச் சாதனை 2001 வரை நின்றதையும் நம் வீட்டுப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். அதனால் வேறு ஆள் தேடினேன். ஒலிம்பிக் பதக்கம், நோபெல் பரிசு இரண்டையும் வாங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான்: பிலிப் நோயல்-பேக்கர். ஓட்டக்காரர், போர்முனைக்குப் போனவர், ராஜதந்திரி, அமைச்சர். ஒரே ஆளிடம் இத்தனையும் கிடைக்கும்போது விட்டுவிட மனம் வரவில்லை.

வராதவர்களுக்காக, அதாவது பெரும்பாலானவர்களுக்காக, கதையைச் சொல்லிவிடுகிறேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் இறுதி ஓட்டம். களத்தில் பாதிப் பேர் அமெரிக்கர்கள். இங்கிலாந்திலிருந்து போனவர்களில் கேம்பிரிட்ஜ் மாணவர் பேக்கரும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஆர்னல்ட் ஜாக்சனும் இருந்தார்கள். (‘நோயல்’ பின்னால் மனைவி வீட்டுப் பெயரிலிருந்து சேர்ந்தது.) ஜாக்சன் கடைசியில் வெளிப்பக்கமாகப் பாய்ந்து 3 நிமிடம் 56.8 விநாடியில் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். பேக்கர் ஆறாவது. தன் பதக்கத்தைப் பார்க்காமல் நண்பருக்குத் துணையாக ஓடினார் என்று சொல்வார்கள்.

இரண்டே வருடத்தில் முதல் உலகப் போர் வந்தது. ஜாக்சன் படையில் சேர்ந்தார். டிஎஸ்ஓ என்ற வீர விருதை நான்கு முறை வாங்கி, 27 வயதில் பிரிகேடியர் ஜெனரல் பொறுப்புவரை உயர்ந்தார். காயத்தில் கால் ஊனமாகி ஓட்டம் அதோடு முடிந்தது. பேக்கர் குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் ஆயுதம் தொடமாட்டார்கள். துப்பாக்கி எடுக்காதவர் வீட்டிலும் உட்காரவில்லை. குவேக்கர் இளைஞர்களைத் திரட்டி ஆம்புலன்ஸ் பிரிவு ஒன்றை அமைத்துப் போர்முனைக்குப் போனார். பிறகு இத்தாலியப் போர்முனையிலும் அதே வேலை. கடைசியில் இத்தாலி அவருக்கு ராணுவ வீரத்துக்கான வெள்ளிப் பதக்கத்தைக் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ராணுவத்தில் பல்லாண்டு இருந்தவர், எழுந்து, “தம்பி, ஆம்புலன்ஸ்காரரைப் போய் போர்வீரர்னு பலகையில போட்டிருக்கியே” என்றார். அண்ணன் சொன்னது சரி. பலகையில் அப்படி அச்சானது என் தவறு. அதைச் சரிக்கட்டத்தான் நான் ஜாக்சனைக் கடைசி நேரத்தில் சேர்த்தேன் என்று சிலர் பேசிக்கொள்வது மட்டும் உண்மையில்லை.

அப்புறம், அடுத்த மாதம் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவைக்கு) போக இருந்த ஒரு தம்பி ஒரு கேள்வி கேட்டார். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று. அவர் அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நேரமின்மையால் அடுத்த பகுதிக்குப் போனதாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். நேரம் இருந்தது. எனக்குத்தான் பதில் வரவில்லை. அன்று மாலை முழுவதிலும் உருப்படியான கேள்வி அதுதான்.

மீதியைச் சுருக்குகிறேன். 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் இருவருமே பிரிட்டிஷ் குழுவில் வேலை பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், 30 வயதில், பேக்கர் 1500 மீட்டரில் வெள்ளி வாங்கினார். தங்கம் ஆல்பர்ட் ஹில்லுக்கு. பிறகு ஐநாவுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வேலை, பேராசிரியர் பதவி, 1929இல் நாடாளுமன்றம். பிரிட்டிஷ் பிரதமர் அட்லியின் அரசில் அமைச்சர். இந்தியா விடுதலை பெற்று இரண்டு மாதத்தில் காமன்வெல்த் உறவு அமைச்சராக வந்தவர் இவர்தான். 1948இல் காஷ்மீர் விவகாரம் ஐநா போனபோது பிரிட்டன் தரப்பில் பேசினார். இந்தியத் தரப்புக்கு அவர் போக்கு கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதையும் ஒரு பலகையில் போட்டிருந்தோம், புகழ்பாட்டு மட்டும் வேண்டாம் என்று.

சிங்கப்பூருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா என்றால், நேரடியாக இல்லை. நாம் அப்போது முடியாட்சிக் காலனி. அவருடைய இலாகாவிலேயே வரமாட்டோம். ஆனால் 1948 லண்டன் ஒலிம்பிக் ஏற்பாட்டில் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. அந்த லண்டனுக்குத்தான் சிங்கப்பூர் முதன்முதலாக ஓர் ஆளை அனுப்பியது, உயரம் தாண்டும் லாய்ட் வால்பெர்க். தனி ஆளாகப் போனார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நம் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்குத் தாத்தா முறை. ஆயுதக் குறைப்புக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய நோயல்-பேக்கருக்கு அமைதிக்கான நோபெல் கிடைத்தது 1959இல். நமக்குத் தன்னாட்சி கிடைத்த அதே வருடம். சம்பந்தம் தேடினால் கிடைக்காமல் போகாது.

சொற்பொழிவுக்கு மறுநாள் காலை விளையாட்டரங்கு ஒன்றில் 1500 மீட்டரை நாமே ஓடிப் பார்த்தோம். மூன்றே முக்கால் சுற்று. அவர் ஆன்ட்வெர்ப்பில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்தார். நான் பதினொன்று. தடத்தில் பிள்ளைகள் பதினான்கு பேர் இருந்தார்கள், நம் சங்கத்தில் இத்தனை பிள்ளைகளை நான் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. பெற்றோர்கள் வண்டியிலேயே இருந்துவிட்டார்கள்.

சொற்பொழிவுக்கு வந்தவர்கள் பதினேழு பேர். நம் பதிவேட்டில் இருப்பவர்கள் நாற்பத்தொருவர். வருகிறேன் என்று கட்டைவிரல் காட்டியவர்கள் முப்பது. பிரியாணியும் முப்பதுக்குத்தான் சொல்லியிருந்தோம்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாகத் தருவார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம். செலவு சற்றே கூடுதல். அந்தச் ‘சற்றே’ எவ்வளவு என்பது கணக்காய்வாளர் கையெழுத்துப் போட்ட பிறகு தெரியும். பலகைகளுக்கான செலவில் ஒரு பகுதியை நான் கைப்பணமாகப் போட்டிருக்கிறேன். திருப்பித் தரும்படி கேட்கவில்லை. குறிப்பில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஆண்டுச் சந்தா 24 வெள்ளி. பதினைந்து பேர் இன்னும் கட்டவில்லை. சட்டவிதிப்படி பாக்கி உள்ளவர் வாக்களிக்க முடியாது. அதை இன்று கறாராகப் பார்த்தால் தேர்தல் நடத்த ஆள் தேறாது என்பதால் தலைவரும் நானும் பார்க்கவில்லை. படக்காட்சி வீண்செலவு என்று ஆக நீளமான செய்தி எழுதிய உறுப்பினர் கடைசியாகச் சந்தா கட்டியது 2022இல். பெயர் சொல்லப்போவதில்லை. அவருக்குத் தெரியும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் தந்த சமூக மன்றத்துக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பிக்கும், மிஞ்சிய பிரியாணியை அக்கம்பக்கத்தில் கொடுத்து முடித்த அக்காமார்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வால்பெர்க்கைப் பற்றிச் செய்யலாம், பிள்ளைகளின் ஓட்டத்தை மறுபடியும் வைக்கலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் நான்கு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். புதியவர் யாராவது வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். போன வருடமும் யோசித்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு பலகைகளும் இப்போது என் மகன் அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அவனுக்குத் தை மாதம் கல்யாணம், அறை வேண்டும். வீட்டுப் பாம் ஷெல்டரில் (பதுங்கறையில்) கொஞ்சம் இடம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். சந்தாவைக் கைபேசியில் கட்டுவதற்கான பேநவ் குறியீட்டைச் சிற்றுண்டி மேசைக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறேன்.

செயலாளர்