எம்20 வாங்கியிருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அப்பா டேங்க்கைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஃபிரேம் எண் தெரியும் படம்தான் முக்கியமாகப் பட்டது. எண்ணுக்கு முன்னால் ‘டபிள்யூ.எம்.20’ என்று அடித்திருக்கிறது. ஆக, நீ வாங்கியிருப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்கென்றே செய்த பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள்தான், பச்சை பெயின்ட் பூசி ராணுவ வண்டி என்று தலையில் கட்டிய சரக்கு இல்லை. எஞ்சின் எண் ஃபிரேம் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று வருத்தப்படாதே. ராணுவப் பட்டறைகளில் ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி அனுப்புவது அன்றாட வேலை. அதுவும் அதன் பிழைப்பில் ஒரு பகுதி.

‘மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு மாதிரி பளபளவென்று பெயின்ட் அடித்துவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இப்போதைக்கு பெயின்டைத் தொடவே தொடாதே. பிரேக் பிடித்து நிற்பதற்கு, ஓடுவதற்கு, அப்புறம் பார்வைக்கு என்ற வரிசையில் வேலையைப் பார். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைசியில் கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்த ஒரு பொம்மை மிஞ்சுகிறது.

நீ வாங்கியது எப்படிப்பட்ட வண்டி என்று முதலில் புரிந்துகொள். 496 சிசி, ஒரே சிலிண்டர், 13 குதிரைசக்தி, சுமார் 170 கிலோ எடை. வேகத்துக்கு யாரும் இதைப் பாராட்டியதில்லை. போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த பி.எஸ்.ஏ.வின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலை சுமார் 1,26,000 வண்டிகளைச் செய்து தள்ளியது. 1940 நவம்பர் 19 இரவு அதே தொழிற்சாலைமேல் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வண்டி வெளிவருவது நிற்கவில்லை. போர் முடிந்தும் பல வருடம் பிரிட்டிஷ் ராணுவம் இதை விடவில்லை. ஏன் தெரியுமா? எஞ்சின் சைடு வால்வு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன, மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடிதான். போல்ட்களைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டன் தலையும் வால்வுகளும் கண்ணுக்கு முன்னால். படிந்த கரியைச் சுரண்டிவிட்டுத் திரும்ப மூடிவிடலாம். அழுத்த விகிதமும் 4.9க்கு 1தான். அந்தக் காலத்தில் கிடைத்த மட்டமான பெட்ரோலையும் குடித்துவிட்டு முனகாமல் ஓடும். சாலையோரம், மழையில், பையில் இருக்கும் நாலு ஸ்பேனரோடு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகச் செய்த வண்டி இது. அதனால்தான் சொல்கிறேன், இதைப் பிரிக்கப் பயப்படாதே, யாரிடமும் மொத்தமாக ஒப்படைக்காதே. நீயே பிரி.

அதே போர்க்கால ராணுவ வண்டியான ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. வாங்கியிருக்கலாமே என்று உன் நண்பன் கேட்டானாமே. நல்ல வண்டிதான். 740 சிசி, இரட்டை சிலிண்டர். ஆனால் கிளட்ச் இடது காலில், கியர் டேங்க் பக்கத்தில் கையில். அதற்குப் பழகவே தனி மனசு வேண்டும். மேட்ச்லெஸ் ஜி3எல் வண்டிக்கு 1941லேயே குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலிஸ்கோப்பிக் ஃபோர்க் முன்பக்கம் வந்துவிட்டது, அதை ஓட்டியவர்கள் வேறு வண்டியில் ஏற மாட்டேன் என்பார்கள். பிஎம்டபிள்யூ ஆர்75 பக்கமே போகாதே. சைடுகார் சக்கரத்துக்கும் பவர், ரிவர்ஸ் கியர், டிஃபரன்ஷியல் பூட்டு என்று அது வேறு உலகம், பர்ஸும் வேறு. முதல் வண்டிக்கு எம்20 போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஸ்பேனர். உன்னிடம் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை எடுத்து ஓரமாக வை. இந்த வண்டியின் நட்டுகள் விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவைச் சேர்ந்தவை. அந்த ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் இல்லை. முதல் நாள் குழப்பும், அப்புறம் கை தானாக எடுக்கும். ‘கிட்டத்தட்டப் பொருந்துகிறது’ என்று வேறு ஸ்பேனரை மாட்டினால் நட்டின் முனை மழுங்கிப்போகும். மரையிலும் கவனம். பல இடங்களில் சைக்கிள் திரெட், அங்குலத்துக்கு 26 மரை. கையால் நாலு சுற்று ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதே.

அடுத்தது பிரேக். முன்னும் பின்னும் ஏழு அங்குல டிரம், புதிதாக இருந்தபோதே சுமார்தான். டிரம்மைத் திறக்கும்போது கம்ப்ரெஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடாதே. அந்தக் கால பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கிளட்ச் பிளேட்டிலும் சில கேஸ்கெட்டிலும் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடு, முகமூடி இல்லாமல் உட்காராதே. ஸ்பீடோமீட்டர் முள் இருட்டில் மின்னுவதற்குப் பூசியிருந்தால் கண்ணாடியைத் திறந்து சுரண்டவே கூடாது, அந்தக் காலத்தில் அதற்கு ரேடியம் கலந்த பெயின்ட் பயன்படுத்தினார்கள். டேங்க் ஒழுகுகிறது என்று யாராவது வெல்டிங் வைக்கக் கிளம்பினால் தடுத்து நிறுத்து. வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அம்மா பயமுறுத்துகிறாள் என்று சிரிக்காதே, இந்த மூன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்பக்கம் இருப்பது கர்டர் ஃபோர்க், தண்டுகளும் ஸ்பிரிங்கும் வைத்த பழைய பாணி. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ‘டக் டக்’ என்றால் ஸ்பிண்டிலோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. எல்லா நிப்பிளிலும் பழைய அழுக்கு வெளியே வரும்வரை கிரீஸ் அடி. பின்பக்கம் சஸ்பென்ஷன் என்று ஒன்றுமே கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் உன் முதுகெலும்புக்குக் காவல். டயர் 19 அங்குலம். மேலே பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதே. பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் இரண்டையும் மாற்று, டியூபையும் சேர்த்து.

பொறி கொடுப்பது லூகாஸ் மேக்னெட்டோ, அதன் முதுகிலேயே ஆறு வோல்ட் டைனமோ உட்கார்ந்திருக்கும். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும், அதுதான் இந்த அமைப்பின் அழகு. மேக்னெட்டோவுக்குள் திறந்து மூடிப் பொறியைக் கிளப்பும் பாயிண்ட்களின் இடைவெளி 0.3 மில்லிமீட்டர். குளிர்ந்த எஞ்சின் ஒரே கிக்கில் பிடித்து, அரை மணி ஓடிச் சூடானதும் நின்று, ஆறினால்தான் மறுபடி கிளம்புகிறதா? கார்புரேட்டரைக் குடைந்து நாளை வீணாக்காதே. பெரும்பாலும் மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கண்டென்ஸர்தான் போயிருக்கும், அல்லது ஆர்மேச்சர் சுற்று. அதை மட்டும் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடு, நாமே சுற்றுகிற சமாச்சாரம் இல்லை அது.

ஆயில் விஷயம் ஒன்று. ஆயிலுக்குத் தனி டேங்க் இருக்கிறது இல்லையா, வண்டி வாரக்கணக்கில் நின்றால் பம்ப்பில் இருக்கும் குண்டு வால்வைத் தாண்டி ஆயில் மெல்ல மெல்லக் கீழே கிராங்க் கேஸில் இறங்கிவிடும். மேலே டேங்க் காலியாகத் தெரியும். குறைந்துவிட்டதே என்று மேலும் ஊற்றிவிடாதே. அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி வடித்து, அதற்கப்புறம் அளவு பார். ஸ்டார்ட் ஆனதும் டேங்க் மூடியைத் திறந்து, திரும்பும் குழாயில் ஆயில் துப்பித் துப்பி வருகிறதா என்று பார்த்துக்கொள். வரவில்லை என்றால் உடனே நிறுத்து.

இப்போது ஸ்டார்ட் செய்வது. சாவி கிடையாது, தேடாதே. பெட்ரோல் குழாயைத் திற. கார்புரேட்டர் மேல் இருக்கும் சின்னப் பொத்தானை விரலால் அழுத்து, விளிம்பில் பெட்ரோல் கசிந்தால் போதும். ஹேண்டிலில் இருக்கும் இக்னிஷன் லீவரை, அதாவது பொறி விழும் நேரத்தை மாற்றும் லீவரை, பின்தள்ளி வை. இதை மறந்தால் கிக்கர் ரிவர்ஸ் அடிக்கும், கணுக்கால் தாங்காது. கிக்கரை மெல்ல மிதித்து, அழுத்தம் முட்டும் இடத்துக்கு வா. அங்கே வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு லிஃப்டரை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் தாண்ட விடு, லிஃப்டரை விடு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே நீளமான மிதி. குதித்து மிதிக்க வேண்டாம். பிடித்ததும் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவா, சத்தம் தெளிவது காதுக்கே கேட்கும். நிறுத்தவும் அதே வால்வு லிஃப்டர்தான்.

கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில் என்பதை ஆளில்லாத மைதானத்தில் உடம்புக்குள் ஏற்றிவிட்டு அப்புறம் சாலைக்கு வா. அவசரத்தில் மூளை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். முன்னால் போகும் காருக்கும் உனக்கும் இரண்டு மடங்கு இடைவெளி விடு. இரவில் ஓட்டாதே. போர்க்காலத்தில் ஹெட்லைட்டுக்கு மூடி போட்டு, ஒரு கீற்று வெளிச்சத்தில் செய்தி கொண்டுபோகும் வீரர்கள் இருட்டில் ஓட்டினார்கள். எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிளெட்ச்லி பார்க்குக்குப் போன, ஒட்டுக்கேட்ட எதிரிச் செய்திகளில் பலவும் இப்படி மோட்டார் சைக்கிளில்தான் போய்ச் சேர்ந்தன, கடற்படையின் பெண்கள் பிரிவிலிருந்தும் ஓட்டினார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை, உனக்கு இருக்கிறது.

ஹெல்மெட் பற்றித் திட்டாமல் ஒரு கதை மட்டும் சொல்கிறேன். 1935 மே மாதம், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பேர் பெற்ற டி.ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அதோடு விடவில்லை. ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அந்த நவம்பரிலேயே ராணுவ ஓட்டிகளுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. உன் வண்டியின் முதல் ஓட்டியும் அநேகமாக அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்தான். பொருத்தமாக இருக்கட்டும் என்று பழைய ராணுவ ஹெல்மெட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடாதே, அது அலமாரிக்கு. ஓட்ட இன்றைய ஹெல்மெட்.

இவ்வளவும் முடிந்து வண்டி ஓடி நிற்கப் பழகிய பிறகு பெயின்டுக்கு வா. டேங்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் நுண்ணிய வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டு விட்டுத் தேய். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்காதே. அவசரப்படாமல் வட்டமாகத் தேய்த்தால் வெங்காயத் தோல் மாதிரி ஒவ்வொரு அடுக்காக வரும். மேலே போருக்குப் பிந்தைய பளபளப்பான கரும்பச்சை. அதற்குக் கீழே 1944லிருந்து அடித்த ஆலிவ் நிறம் தெரியலாம், அதற்கும் கீழே 1942 வாக்கில் வந்த பழுப்பு. அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளையில் ‘சி’ என்று தொடங்கும் ராணுவப் பதிவு எண் நிழல்போல எட்டிப்பார்க்கும். அந்த எண் கிடைத்த டேங்க்கின்மேல் புது பெயின்ட் அடிக்க உனக்கே மனசு வராது. அப்படியே விட்டு, மெழுகு மட்டும் தேய்த்து வை.

ஹேண்டில் பிடி ரப்பரில் இல்லையே, கேன்வாஸ் சுற்றியிருக்கிறதே, போலி போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கழற்றிவிடாதே! 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்குப் பெரிய தட்டுப்பாடு. அப்போதிருந்து கேன்வாஸ் பிடியும் வெறும் இரும்பு ஃபுட்ரெஸ்ட்டும்தான். உன் படங்களிலேயே என் கண்ணுக்கு அழகாகப் பட்டது அந்தக் கிழிந்த பிடிதான்.

விட்வர்த் ஸ்பேனர் செட் ஒன்று பழையது நம்மிடம் இருக்கிறது, அப்பா எண்ணெய் தடவிக் கட்டி வைத்துவிட்டார், இந்த வாரம் அனுப்புகிறோம். நீ மேக்னெட்டோ மூடியைத் திறந்து பாயிண்ட் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட் அருகே ஃபிரேமில் ஒரு கோடு தெரிகிறது, அது கீறலா விரிசலா என்று எனக்குப் பிடிபடவில்லை. துடைத்துவிட்டு அதையும் ஒரு படம் எடு. அது தெரியும்வரை கிக் அடிக்காதே.

அன்புடன்,
அம்மா