எந்தத் தேர்தலில் அந்தப் பெருவாரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வாதிகாரிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'ஜெர்மானிய மக்கள் பெருவாரியாக வாக்களித்து ஹிட்லரை ஆட்சியில் அமர்த்தினார்கள்' என்று ஒரு வரி. எந்தத் தேர்தலில் என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 37.3 சதவீதம். சுதந்திரமாக நடந்த தேர்தல்களில் அவர்கள் தொட்ட உச்சமே அதுதான். நவம்பரில் 33.1-க்கு இறங்கி 34 இடங்களைப் பறிகொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹிண்டன்பர்க்கிடம் ஹிட்லர் தோற்றதும் தாங்கள் அறியாததல்ல. சரிந்துகொண்டிருந்த கட்சியின் தலைவரை 1933 ஜனவரி 30 அன்று சான்சலர் (நம் பிரதமர் போன்ற பதவி) ஆக்கியது, அவரைத் தோற்கடித்த அதே ஹிண்டன்பர்க்கின் கையெழுத்து. பேரம் பேசி முடித்தவர் முன்னாள் சான்சலர் பாப்பன். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர், மற்றவர்கள் நம்மவர்கள், ஆட்டிவைத்துக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அந்த மூவரில் ஃபிரிக்கிடம் உள்துறை, கோரிங்கிடம் பிரஷ்யாவின் போலீஸ். நாட்டு மக்களில் ஐந்தில் மூன்று பங்கினர் பிரஷ்யாவில் இருந்தார்கள். அங்கிருந்த மாநில அரசை 1932 ஜூலை 20 அன்று அவசர ஆணையால் நீக்கி, அந்தப் போலீசை மத்திய அரசின் கைக்குக் கொண்டுவந்தவரும் இதே பாப்பன்தான். கோரிங் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் நாஜிக் கட்சியின் சீருடைப் படைகளான எஸ்.ஏ., எஸ்.எஸ். அடியாட்களைக் கொண்டு 50,000 பேர் துணைப் போலீசைத் திரட்டிவிட்டார்.

ரொட்டி வாங்க வண்டி நிறையப் பணம் தள்ளிப் போனார்கள், அதனால் ஹிட்லர் வந்தார் என்று முன்பு ஒரு துணுக்கும் வெளியிட்டீர்கள். அந்தப் பணவீக்கம் 1923-இல். ஐந்து ஆண்டு கழித்து 1928-இல் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடங்கள். 1930 செப்டம்பரில் அது 107 ஆனதற்குக் காரணம் வேலையின்மையும், நாடாளுமன்றம் ஏற்காத பட்ஜெட்டை அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவைக் காட்டி அவசர ஆணையாக்கிய அன்றைய சான்சலர் ப்ரூனிங்கும். 1932-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்து. அவசர ஆணைகளோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நாடாளுமன்றம் இல்லாமலே ஆளலாம் என்பது ஹிட்லர் வருவதற்கு முன்பே வழக்கமாகியிருந்தது. தள்ளுவண்டிப் படம் பார்க்க நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

1933 மார்ச் 5 தேர்தலைத்தான் கட்டுரையாளர் சொல்கிறார் என்றால், பிப்ரவரி 28 ஆணையால் பேச்சு, பத்திரிகை, கூட்டம் மூன்றையும் முடக்கி, கம்யூனிஸ்டுகளைச் சிறையில் தள்ளிவிட்டு நடத்திய அதிலும் 43.9 சதவீதம்தான். அதே மாதம், நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் இயற்ற வழிசெய்த அதிகாரமளிக்கும் சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் அவையில் இருக்க வேண்டும், இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். கம்யூனிஸ்டுகளின் 81 இடங்களைக் கணக்கிலிருந்தே எடுத்தார்கள். மற்றவர்கள் வெளிநடப்புச் செய்து அவையை முடக்கிவிடாதபடி, காரணம் சொல்லாமல் வராதவரும் வந்தவரே என்று அவை விதியை மாற்றினார்கள். கத்தோலிக்கர்களின் மத்தியக் கட்சிக்கு எழுத்தில் உத்தரவாதம் தருவதாகச் சொன்னார்கள். கடிதம் வந்துசேரவில்லை, ஆனாலும் அக்கட்சி ஆதரித்தே வாக்களித்தது. 444-க்கு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். 'பெருவாரியாக' என்ற ஒரே சொல்லில் தங்கள் கட்டுரையாளர் அந்த 94 பேரையும் துடைத்துவிட்டு, பாப்பன் செய்ததை வாக்காளர் தலையில் கட்டிவிட்டார்.

துணுக்கு வந்தபோதே எழுதியிருந்தேன். பதில் இல்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். 37.3-இல் புள்ளி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்