பில்லில் புஷ் இருக்கிறது, கார்புரேட்டரில் இல்லை

அனுப்புநர்:
பெட்ரோல் அம்பாசிடர் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: எஸ்.யு. ஹெச்.எஸ்.2 மாடல் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) ரீகண்டிஷன் வேலையில் குறைபாடு. "புதுசுதான் மாட்டணும்" என்ற உங்கள் பதிலுக்கு ஆட்சேபம்.

ஐயா,

என்னுடைய 1489 சிசி அம்பாசிடரின் கார்புரேட்டரை முழு ரீகண்டிஷனுக்காக உங்களிடம் கொடுத்தேன். பில் 9,800 ரூபாய். ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளைத் தகட்டைத் தாங்கும் தண்டு), புஷ் (அந்தத் தண்டு சுழலும் துளையில் இறக்கும் வளையம்), ஜெட் (பெட்ரோல் வரும் துளை), நீடில் (ஜெட்டுக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசி), கேஸ்கெட் கிட் எல்லாம் மாற்றியதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். வந்த சாமான் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்கவில்லை. நிமிடத்துக்கு 700 சுற்றுக்கும் 1,200 சுற்றுக்கும் நடுவே ஏறி இறங்குகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, பெட்ரோலைக் கூட்டினால் அடங்குகிறது. அப்படியானால் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அர்த்தம்.

எங்கிருந்து என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. இன்ஜின் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரண்டு முனையிலும் கார்ப் கிளீனர் அடித்தால் சத்தம் மாறுகிறது. மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) கேஸ்கெட் பக்கம் அடித்தால் மாறவில்லை. ஸ்பிண்டிலைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்தேன். 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. இருக்க வேண்டிய தண்டு, கார்புரேட்டர் பாடிக்குள் உட்காரும் இடத்தில் 7.75 தான் இருக்கிறது. நகத்தால் தடவினாலே படி தெரிகிறது. இது புது ஸ்பிண்டில் இல்லை. புஷ் போட்ட தடயமும் பாடியில் இல்லை. துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து அப்படியே கிடக்கிறது.

புது தண்டை மட்டும் போட்டால் பாதி லீக்தான் நிற்கும். பாடியின் இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே ரீமரால் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி), ஒரே நேர்கோட்டில் பெரிதாக்கி, புஷ் இறக்கி, மறுபடி ஸ்பிண்டில் அளவுக்கு ரீம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கமாகத் தனித்தனியே துளைத்தால் தண்டு இறுகிப் பிடிக்கும், ஆக்சிலேட்டர் திரும்பி வராது.

இதைவிடப் பயமுறுத்தியது பட்டர்ஃபிளைத் தகட்டை ஸ்பிண்டிலோடு பிடிக்கும் ஸ்க்ரூ. இரண்டும் பழசு. நுனியைப் பிளந்து விரிக்கவும் இல்லை. ஓட்டத்தில் ஒன்று கழன்றால் நேராக சிலிண்டருக்குள்தான் போகும். கழற்றும்போது நுனியை ஒடுக்குவது, மாட்டும்போது புது ஸ்க்ரூ போட்டு விரிப்பது என்பது இந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

அடுத்தது டேஷ்பாட், அதாவது கார்புரேட்டரின் பிஸ்டன் ஏறி இறங்கும் மேல் கிண்ணம். உள்ளே வட்டவட்டமாக எமரி கோடுகள். பாலிஷ் போட்டவர் உட்புறத்தையும் விடவில்லை போலும். எஸ்.யு. பிஸ்டனின் விளிம்பு டேஷ்பாட் சுவரைத் தொடாது, நடுத்தண்டில்தான் வழுக்கும். சுவருக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிதான் சீல். அதனால்தான் இரண்டும் ஜோடியாகவே வரும். அந்த இடைவெளி கூடினால் பிஸ்டன் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறாது, அதோடு சேர்ந்து ஏறும் நீடிலும் தப்பான இடத்தில் நிற்கும். சோதனை எளிது. டேம்பரை (பிஸ்டனின் ஓட்டத்தை நிதானமாக்கும் தண்டு) மாட்டி, பிஸ்டன் அடியிலுள்ள இரண்டு துளைகளையும் அடைத்து, ஜோடியைத் தலைகீழாக்கிப் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டால், டேஷ்பாட் தன் எடையில் இறங்க ஹெச்.எஸ்.2-வுக்கு 3 முதல் 5 நொடி ஆக வேண்டும். நீங்கள் அனுப்பியது ஒரு நொடிக்குள் கையில் விழுகிறது.

இதையெல்லாம் போனில் சொன்னதற்கு, "பாடி போயிடுச்சு சார், 42,000-க்குப் புதுசு மாத்திடலாம்" என்றார் உங்கள் ஆள். பாடியில் விரிசல் இருந்தாலோ, ஃபிளேஞ்ச் காது (போல்ட் போட்டுப் பிடிக்கும் விளிம்பு) உடைந்திருந்தாலோ, பட்டர்ஃபிளை உட்காரும் துவாரமே அரித்திருந்தாலோ புதுசுக்கு நானே சம்மதிப்பேன். இங்கே மூன்றும் இல்லை. ஸ்பிண்டில் துளை தேய்வது புஷ்ஷோடு முடிகிற சமாசாரம். டேஷ்பாட்டைக் கெடுத்தது நீங்கள். அதற்கு முழு கார்புரேட்டர் வேண்டியதில்லை, ஜோடி மட்டும் போதும். மேலும், நீங்கள் தரும் புதுசில் என்ன நீடில் என்று கேட்டேன். நீடிலின் தண்டில் பொறித்திருக்கும் எழுத்தைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. இந்த இன்ஜினுக்குப் பொருந்தாத நீடில் இருந்தால் புதுசும் பழசைப் போலத்தான் ஓடும்.

ஆகவே உங்கள் செலவில் செய்து தர வேண்டியது: புது ஸ்பிண்டில், இரண்டு பக்கமும் புஷ், புது ஸ்க்ரூக்கள், பிஸ்டன்–டேஷ்பாட் ஜோடி. நீடில் உரசாதபடி ஜெட்டை மறுபடி சென்டர் செய்யுங்கள். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று பிரிட்ஜில் (பிஸ்டன் வந்து உட்காரும் மேடு) விழ வேண்டும். ஜெட்டைப் பிரிட்ஜ் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது அறுகோண நட்டின் 12 முகம் இறக்கி அனுப்பினால் போதும், மீதி டியூனிங் நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது பம்ப்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் நீடில் வால்வு, வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) நுனியுடையதாக இருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் தனிப் பையில் திரும்ப வர வேண்டும்.

15 நாளுக்குள் இது நடக்காவிட்டால் 9,800 ரூபாயையும் கெட்டுப்போன ஜோடியின் விலையையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஸ்பிண்டில் அளவுப் படம், டேஷ்பாட் உட்புறப் படம், இறங்கும் சோதனையின் வீடியோ.