இராமேஸ்வரம் வரும் வெளியூர் வாடகைக் கார் ஓட்டுநர்கள் இரவில் படுத்துறங்க இடம் கேட்டு மூன்றாம் முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டுநர், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்.

பொருள்: இராமேஸ்வரத்தில் வெளியூர் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு இரவு ஓய்விடமும் கழிவறையும் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆடி அமாவாசைக்கு முன்பும், மஹாளய அமாவாசைக்குப் பின்பும் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளித்த எனது இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மதுரையில் 17 ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். மாதத்தில் நான்கைந்து சவாரிகளாவது இராமேஸ்வரத்துக்கு அமைந்துவிடும். இதே கோரிக்கைக்காக இரண்டு திங்கட்கிழமைகள் சவாரியை விட்டுவிட்டு வரிசையில் நின்று மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது; பதில் கிடைக்கவில்லை. தை அமாவாசைக் கூட்டம் நெருங்குவதால் மீண்டும் தங்களை நாடுகிறேன்.

1. இராமேஸ்வர யாத்திரையின் நேரக்கணக்கு தாங்கள் அறிந்ததே. விடியுமுன் ஸ்படிகலிங்க தரிசனம், அக்னி தீர்த்தத்தில் நீராடல், கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பிறகு தனுஷ்கோடி என்று பொழுது போய்விடும். ஆகையால் யாத்ரீகர்கள் முதல் நாள் இரவே ஊருக்குள் வந்துவிட விரும்புகிறார்கள். மதுரையிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர்தான். ஆனால் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் ஓட்டுநர்கள் பகல் முழுவதும் ஓட்டிவிட்டுப் பாம்பன் பாலம் ஏறும்போது அவர்களுக்குக் கண் எரியத் தொடங்கியிருக்கும்.

2. பயணிகளை லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்ட பிறகு ஓட்டுநருக்குக் காரே அறை. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால் புகை உள்ளே புகுந்து உயிரே போகலாம். முன் இருக்கையைச் சாய்த்து, கால் நீட்ட முடியாமல், உப்புக்காற்றில் பிசுபிசுக்கும் சட்டையோடு ஒருக்களித்துப் படுக்கிறோம். கண் அயரும் நேரத்தில் யாராவது கண்ணாடியில் தட்டி, டார்ச் அடித்து, வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். நடுச்சாமத்தில் கழிவறை பூட்டிக் கிடந்தால் நாங்கள் எங்கே போகிறோம் என்பதை ஒரு மனுவில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களும், அறுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

3. முந்தைய மனுக்களில் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன், ஏனெனில் அது அவற்றுக்குப் பிறகு நடந்தது. கடந்த கார்த்திகையில் ஒரு வயதான தம்பதியையும் அவர்களுடைய பேரனையும் அழைத்து வந்தேன். அன்றிரவு ஒரு மணி நேரம்கூட நான் முழுதாகத் தூங்கவில்லை. மறுநாள் தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் புறப்பட்டோம். பாலத்தைக் கடந்து உச்சிப்புளி அருகே வரும்போது என் கண்கள் மூடியது எனக்கே தெரியவில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் சாலையை விட்டு மணலில் இறங்கி வண்டி உலுக்கிய பிறகுதான் விழித்தேன். அந்தப் பாட்டி மடியில் வைத்திருந்த தீர்த்தக் கேன் கவிழ்ந்து புடவை நனைந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். "பாவம், அதுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அந்த அம்மா கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. சற்று நேரம் முன்னதாக, பாலத்தின் மேலேயே கண் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருபுறமும் கடல், எதிரே பேருந்துகள், ஓரத்தில் நின்று புகைப்படம் எடுக்கும் குடும்பங்கள். ஐயா, இது ஓட்டுநரின் வசதி பற்றிய மனு மட்டுமன்று. பின் இருக்கையில் எங்களை நம்பித் தூங்கும் குழந்தைகளைப் பற்றியதும் ஆகும்.

4. இது புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் அன்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 2023ஆம் ஆண்டு செய்த திருத்தம், தங்கும் விடுதிகள் கார் நிறுத்தும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநருக்கு ஒரு படுக்கை வீதமும், எட்டுப் படுக்கைகளுக்கு ஒரு கழிவறை, குளியலறை வீதமும் ஒதுக்க வேண்டும் என்கிறது. அரசே போட்ட விதி. அதன் பிறகும் நான் தங்கக் கேட்ட லாட்ஜ்களில் வரவேற்பறைப் பையன்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்களே தவிர, அப்படியொரு அறையைக் காட்டியவர் ஒருவரும் இல்லை. விதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை, ஒரே ஒரு முறை, இரவு 12 மணிக்கு யாராவது வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து கார்களுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதா? இரண்டு மனுக்களிலும் இதையேதான் கேட்டேன். இன்னும் எப்படி எழுதினால் ஒருவர் வருவார்?

5. கோபத்தில் எழுதிய சொற்களைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நாங்கள் கட்டில் மெத்தை கேட்கவில்லை. வெளியூர் வண்டிகள் நிற்கும் இடத்திலேயே ஒரு கூரை, மின்விசிறி, பாய் விரிக்கத் தரை, இரவு முழுவதும் திறந்திருக்கும் கழிவறை, குளிக்கத் தண்ணீர் போதும். நியாயமான கட்டணம் வைத்தாலும் பேட்டாவில் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

ஆகவே, தை அமாவாசைக்குள் தற்காலிகப் பந்தலாவது போட்டு எங்களைப் படுக்க விடுமாறும், விடுதிகளில் மேற்படி விதியின்படி ஓட்டுநர் அறை உள்ளதா என ஆய்வு செய்ய உத்தரவிடுமாறும், இம்மனுவுக்காவது எழுத்துமூலம் பதில் அளிக்குமாறும் மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள் – 2.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைக் கார் ஓட்டுநர், மதுரை.