தப்பான பதிலுக்குக் காரணம் கேளு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நல்ல சுகம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்து கார் நெல் நடவு மும்முரமாக நடக்கிறது. அதனால் அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் விடிந்ததும் வந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன நாலு பருவத்தையும் வயதோடு மனப்பாடம் பண்ணினால் வளர்ச்சி உளவியல் தாளில் பாஸாகிவிடலாம் என்று போனில் சொன்னாய். பாஸாகலாம்ட்டி. ஆனால் அடுத்த மாதம் ஒரு நர்சரியில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து எழுத வேண்டுமே, அங்கே இது கைகொடுக்காது.

நீ அனுப்பிய நோட்ஸை வரி விடாமல் வாசித்தேன். எனக்குப் பிடித்த இடத்தை நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாய். பியாஜே இளவயதில் பாரிஸில் பிள்ளைகளின் அறிவுச் சோதனைகளில் வேலை பார்த்தார். அப்போது அவரை இழுத்தது சரியான விடை இல்லை, தப்பான விடை. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு ஏன் செய்கிறார்கள் என்று யோசித்தார். பிறகு தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்தே கவனித்து எழுதினார். நீ மனப்பாடம் பண்ணும் பருவங்களுக்கு வேர் இந்தக் கேள்விதான்.

போன வாரம் அவருடைய தண்ணீர்ச் சோதனையை இங்கே செய்தேன். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டிலும் ஒரே மட்டம் தண்ணீர். ஒன்றை ஒடுக்கமான உயர டம்ளருக்கு மாற்றினேன். ஐந்து வயது ஆகப்போகிற ஒரு பயல் விரலை வைத்துக் காட்டி, “இதுலதான் டீச்சர் கூட இருக்கு” என்றான். ஏம்ல என்றேன். “இது ஒசரமா இருக்குல்லா.” கூட்டிப்போக வந்திருந்த அவன் அக்கா மூன்றாம் வகுப்பு. “ஏலே, அதே தண்ணிதானலே. திரும்ப அதுல ஊத்துனா சரியாயிரும்லா” என்றாள். அவன் உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டான்; டம்ளர் ஒடுங்கியது அவன் கணக்கில் வரவில்லை. அவளோ ஊற்றியதை மனசுக்குள்ளேயே திருப்பி ஊற்றிப் பார்த்துவிட்டாள். ஏழு வயதை ஒட்டி இது வரும் என்று பியாஜே சொன்னார். ‘தவறு’ என்று குறித்துவிட்டு நகர்ந்திருந்தால் இதில் எதுவும் உன் கண்ணில் படாது.

இன்னொன்று. ஒரே கேள்வியைப் பெரியவர்கள் இரண்டு தடவை கேட்டால், முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றிவிடும். எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் கூட இருந்தவரும் வில்லைகளைச் சமமாக இரண்டு வரிசையில் வைத்து, ஒரு வரிசையைக் கலைப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையைக் கேட்கிற சோதனை செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்காமல் ஒரு பொம்மைக் கரடி சேட்டையாகக் கலைத்தது போலச் செய்ததும், நிறையப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பிள்ளைக்கு எட்டாதது கணக்கா, நாம் கேட்கிற விதமா என்று நீயும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயதுக் கணக்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே. பிள்ளைத்தமிழிலும் ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி என்று உண்டு. மாதம் முன்னே பின்னே ஆகும். அதற்காக இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை, “ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் அஞ்சு வயசுலதான பேசினார்” என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. காது கேட்கிறதா என்று உடனே டாக்டரிடம் காட்டச் சொல்வேன்.

நர்சரியில் காலையில் அழுகிற பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதே. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதலை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பிறகு பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்தார். தாய் போகும்போது அழுததைவிட, திரும்பி வந்ததும் பிள்ளை என்ன செய்தது என்பதைத்தான் அவர் உற்றுக் கவனித்தார். இங்கே ஒரு சின்னக்குட்டி காலையில் ஊரைக் கூட்டுவாள். மத்தியானம் சேற்றுக் காலோடு அம்மா வந்ததும் ஓடிப்போய்ச் சேலையைப் பிடிப்பாள், கொஞ்ச நேரம் தோளில் கிடப்பாள், பிறகு தானே இறங்கி விளையாட வந்துவிடுவாள். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுது. உன் விளக்கத்தை எதிர்ப்பக்கத்தில் தனியாக எழுது. லீவுக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா. அதே கேள்விகளை நம் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா