புதுக்கோட்டைக்காரரின் முகத்தைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஆண்டு மலரின் 23ஆம் பக்கம் குறித்து நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டுக்கும் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. நன்றி.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்நாளைய திரைப்பட நடிகரும் இயக்குநருமான ராஜா சாண்டோ பற்றிய கட்டுரைக்கு மேலே, முறுக்கு மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் தசைகளைக் காட்டி நிற்கிறார். அவர் ஜெர்மன் பயில்வான் யூஜின் சாண்டோ. ராஜா சாண்டோவின் இயற்பெயர் பி.கே. நாகலிங்கம், ஊர் புதுக்கோட்டை; தம் உடற்கட்டால் அவருக்கு வாய்த்த பட்டப்பெயரின் மூலவர்தான் இந்த ஜெர்மன்காரர். படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் அதே பட்டம் உண்டு. நல்ல வேளை, அவரைப் பற்றிக் கட்டுரை போடவில்லை.

என் பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு அந்தப் பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்தாள். படத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி, மேடையில் தூக்கிப் பிடித்தபடி, "புதுக்கோட்டை மண்ணின் மைந்தர்" என்று தொடங்கினாள். முன்வரிசையில் பெரியவர்கள் சிரித்தார்கள். உச்சரிப்புப் பிழையோ என்று நினைத்து முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டையை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, நான் எந்த வார்த்தையைத் தப்பாகச் சொன்னேன்?"

அன்று இரவுதான் மலரைப் பிரித்துப் பார்த்தேன்.

1920களில் பம்பாய்ப் படங்களில் கதாநாயகனாக நின்ற தமிழர் ராஜா சாண்டோ. 1927இல் 'குணசுந்தரி'யில் நடிகை கோஹருக்கு இணையாக நடித்தார். பிறகு இயக்குநராகி, பெரும்பாலும் புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த 1935இல், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்த 'மேனகா' என்ற சமூக நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். தியாகராஜ பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' அவர் இயக்கியதுதான். தமிழக அரசு அவர் பெயரில் விருதே வைத்திருக்கிறது. ஊமைப்படங்களில் அவர் நடித்ததற்குக் குரல் கிடையாது. அக்காலத்துப் படச்சுருள்களில் பெரும்பாலானவையும் அழிந்துபோயின. அந்த நடிகருக்கு மிஞ்சியிருப்பது சில புகைப்படங்களில் உள்ள முகம். அதையும் மாற்றிவிட்டீர்கள்.

மலரின் முதல் ஏழு பக்கங்கள் வாழ்த்துரைகள். ஏழிலும் படம் சரியாகவே இருக்கிறது. பிரமுகர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'டத்தோ' என்ற மலேசியப் பட்டம் விடுபட்டிருந்தால் இரவோடு இரவாக அச்சகத்தின் கதவைத் தட்டியிருப்பீர்கள். விழாவும் அப்படித்தான் நடந்தது. நாடக விழாவில் நாடகத்துக்கு இருபது நிமிடம், அதிர்ஷ்டக் குலுக்குக்கு ஒன்றரை மணி நேரம். முதல் பரிசு அரிசிக் குக்கர். கலை வாழ்க!

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மலரை மறுபடி அச்சிடச் சொல்லவில்லை. எஞ்சிய பிரதிகள் பினாங்கின் மற்ற தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகும் முன், சரியான படம் அச்சிட்ட சிறு தாள் ஒன்றை 23ஆம் பக்கத்தில் ஒட்டுங்கள். பிழை எங்களுடையது, பிள்ளையுடையதன்று என்று என் பேத்தியின் பள்ளிக்கு ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து அந்தப் படத்தை மாற்றுங்கள்.

ஆள் இல்லை என்று சொல்வீர்கள். பசையும் கத்தரிக்கோலும் நான் கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு முதல் ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்கு வந்து நானே உட்கார்ந்து ஒட்டுகிறேன். மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஆயுள் உறுப்பினர் ஒருவர்,
பட்டர்வொர்த்